முதுகுத் தண்ணீர்

பட்டப்பகலில் நடந்தது. மழை இல்லை, மேகம்கூட இல்லை. ஊரே பார்த்தது. பார்த்தவர்களில் பாதிப் பேர் இன்றும் இதே கோக்வே ஊரில்தான் இருக்கிறார்கள். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். ஒன்றை மட்டும் சொல்ல மாட்டார்கள். அப்போது தாங்கள் வயிறு குலுங்கச் சிரித்ததை.

நான் சிரிக்கவில்லை. என் கணவரின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் பெயர் ஜைரோஸ். சந்தை ஓரத்தில் சோளம் அரைக்கும் மில்லை ஓட்டிக்கொண்டிருந்தார். மில்லின் தகரக் கூரைக்கு அடியில் புறாக்கள் அடைந்திருக்கும். சிந்துகிற மாவு அவற்றுக்குப் போதும். அவ்வப்போது அவர் உத்திரத்தில் ஏறி, காய்ந்த எச்சத்தைச் சுரண்டித் தள்ளுவார். இறங்கி வரும்போது தலை, புருவம், மோவாய் எல்லாம் வெள்ளையாக இருக்கும். அதில் மாவு எது, எச்சத் தூசி எது என்று யாரால் சொல்ல முடியும்? அப்படியே வந்து என்னைக் கட்டிக்கொள்வார். நான் தள்ளிவிடுவேன்.

எங்கள் இருவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. தினமும் மாத்திரை சாப்பிட்டோம், நன்றாகவே இருந்தோம். ஒரு பருத்தி அறுவடைக் காலம் முழுக்க அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறொரு மில்லில் வேலைக்குப் போனார். மாத்திரை வாங்கும் இடம் அங்கிருந்து ஒருநாள் நடை. உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டிருக்கிறார். திரும்பி வந்தபோது என்னிடம் சொல்லவில்லை. தலை வலிக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அந்த வலி போகவேயில்லை.

பிறகு வெளிச்சம் ஆகாமல் போனது. ஜன்னலில் போர்வையைக் கட்டினேன். கதவிடுக்கில் துணியைச் சொருகினேன். ஊர் முழுக்க வெயில் கொளுத்தும். எங்கள் வீட்டுக்குள் மட்டும் ராத்திரி. அந்த இருட்டில் அவர் பிடரியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் கஞ்சி எடுத்துப் போனேன். என்னைப் பார்த்தவர், எனக்குப் பக்கத்திலும் பார்த்தார்.

"ருவாம்மா... உன் பக்கத்துல நிக்கிறது யாரு?"

ருவா எங்கள் மகள். அவள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"உன்னை மாதிரியே இருக்கா," என்றார். "அவ கையிலயும் கிண்ணம் இருக்கு."

இரண்டாகத் தெரிவது அந்த நோயின் வழக்கம் என்று பின்னால் டாக்டர் சொன்னார். ஆனால் அன்றைக்கு நான் திரும்பிப் பார்த்தேன். கஞ்சி என் காலில் கொட்டியது.

அவருடைய அண்ணன் சகரியாதான் வண்டி பிடித்து மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிள்ளைகள் அழைப்பது போல நானும் அவரைப் பெரியப்பா என்றுதான் அழைப்பேன். தகப்பன் இல்லாத ஜைரோஸைத் தோளில் தூக்கி வளர்த்தவர். இதைச் சொல்லிவிட வேண்டும். அவர் கெட்டவர் இல்லை.

டாக்டர் சின்ன வயதுக்காரர். பொறுமையாகச் சொன்னார். பூஞ்சை. கண்ணுக்குத் தெரியாது. புறா எச்சத்தில், மரப்பொந்தில், மண்ணில் எங்கும் இருக்கும். எல்லோருமே அதை மூச்சில் இழுக்கிறோம், எல்லோருக்கும் ஒன்றும் ஆவதில்லை. உடம்பில் எதிர்க்கும் பலம் இல்லாதவருக்கு மட்டும் அது நுரையீரலிலிருந்து கிளம்பி மூளையின் உறைக்குள் போய்க் குடியேறிவிடும். மூளையைச் சுற்றிலும் ஒரு நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது வடிகிற வழியைப் பூஞ்சை அடைத்துக்கொள்ளும். நீர் சேரச் சேர மண்டைக்குள் அழுத்தம் ஏறும். கண்ணின் நரம்பு நசுங்கும். காது மந்தமாகும். கை கால் சொன்னபடி கேட்காது. ஆள் வேறு ஆளாவான்.

மருந்து பூஞ்சையைக் கொல்ல நாள் பிடிக்கும், அதுவரை கீழ்முதுகில் எலும்புக்கு நடுவே ஊசி போட்டு அந்த நீரைத் தினமும் வடிக்க வேண்டும் என்றார். இதை விட்டால் மருந்தும் உதவாது என்றார்.

முதல் முறை நான் கூடவே இருந்தேன். நர்ஸ் ஷோராய் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். முழங்கால் இரண்டையும் மோவாய் வரை இழுக்கச் சொன்னாள். முதுகு வில்லாக வளைந்தது. சட்டையை மேலே ஏற்றினாள்.

ஊசிக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டவில்லை. ஒழுகியது. ஓடைத் தண்ணீர் மாதிரி அத்தனை தெளிவு. இதற்குள்ளா எமன் இருக்கிறான் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்தார். ஜன்னலைப் பார்த்தார். முகத்தைச் சுளிக்கவில்லை.

"பசிக்குது," என்றார்.

அன்று சோளக் களியும் புளித்த பாலும் சாப்பிட்டார். அன்றைக்குத்தான் பினியஸ் வந்தான்.

பினியஸ் எங்கள் வீட்டின் சஹ்விரா. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அப்படி ஒரு தோழன் உண்டு. யாரும் வாய் திறந்து சொல்லக் கூடாததை அவன் சொல்லலாம். திட்டலாம், கேலி செய்யலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் சாவு விழுந்தால் செத்தவரின் உடுப்பைப் போட்டுக்கொண்டு, அவர் நடந்த மாதிரி நடந்து, பேசின மாதிரி பேசி, அழுகிறவர்களைச் சிரிக்க வைப்பதும் அவன் பொறுப்புதான்.

அவன் கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தான்.

"மண்டைக்குள்ள தண்ணின்னு சொன்னாங்க. மூளையும் இருக்கான்னு டாக்டரைக் கேட்டியா?"

"உன் மண்டையில குத்தினா காத்துதான் வரும், போடா," என்றார் ஜைரோஸ்.

"சீக்கிரம் போய்த் தொலைப்பா. அந்தப் பழுப்புக் கோட்டு மேல எனக்கு எப்பவும் ஒரு கண்ணு. அதைப் போட்டு நீ தள்ளாடுற மாதிரி ஒரு நடை நடந்தேன்னு வை, உன் பொண்டாட்டியே சிரிச்சுருவா."

ஜைரோஸ் சிரித்தார். நானும் சிரித்தேன். கடைசியாக நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்தது அது. பினியஸ் அன்றே கரிபா ஏரிக்குக் கருவாடு வாங்கக் கிளம்பினான். போகும்போது இரண்டு ஆண்களும் எங்கள் வழக்கப்படி உள்ளங்கையை நேராக வைத்துக் கைதட்டி விடைபெற்றுக்கொண்டார்கள். டப், டப் என்று தெளிவாகக் கேட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் பெரியப்பா வந்தார். நோயாளிகளோடு வந்தவர்கள் சமைக்கிற கொட்டகையில் யாரோ அவரிடம் பேசியிருக்கிறார்கள். போன வாரம் ஒருவனுக்கு முதுகில் தண்ணீர் எடுத்தார்கள், மறுநாள் செத்தான். அதற்கு முந்தி ஒரு பெண், அவளும் அப்படியே. முதுகில் ஊசி குத்தினால் ஆள் பிழைப்பதில்லை என்று கொட்டகை முழுக்கப் பேச்சு. சாகக் கிடப்பவர்களுக்குத்தான் அந்த ஊசியே போடுகிறார்கள் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஊசி போட்டதைப் பார்த்தார்கள், சாவைப் பார்த்தார்கள், இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

"இனிமே அவன் முதுகை யாரும் தொடக் கூடாது," என்றார் பெரியப்பா.

டாக்டர் வாதாடினார். ஷோராய் கெஞ்சினாள். நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். எங்கள் வழக்கத்தில் மனைவியின் சம்மதம் செல்லாது, கணவரின் வீட்டார் சொல்வதுதான் செல்லும். பெரியப்பா கட்டிலின் காலடியில் பாயை விரித்தார். இரவும் பகலும் அங்கேயே படுத்துக் காவல் காத்தார். தம்பியைக் காப்பாற்றுவதாகவே நினைத்தார்.

மருந்து ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீரும் ஏறிக்கொண்டிருந்தது.

வலி திரும்பி வந்தது. வலது கை விரல்கள் மடங்கிப்போயின. ஒரு காலை ஜன்னல் பக்கம் முகம் திருப்பி, "இன்னும் விடியலையா?" என்று கேட்டார். முகத்தின் மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. திறந்த கண்கள். சிமிட்டவே இல்லை.

கண் போன பிறகும் மரியாதையை விடவில்லை. காலடிச் சத்தம் கேட்டால் வணக்கம் சொல்லக் கை தட்டுவார். மடங்கின கை. டப் என்று வராது. ப்ச்... ப்ச்... ஈரத் துணியைக் கல்லில் போடுகிற மாதிரி. கழிப்பறைக்கு நான் தாங்கி அழைத்துப் போகும்போது தூணில் இடித்துக்கொள்வார். தூணிடம், "மன்னிச்சுக்குங்க ஐயா," என்பார்.

பிறகு அது தொடங்கியது.

யாரோ வருகிற சத்தம் கேட்டதும் அவரே ஒருக்களித்துப் படுப்பார். முழங்கால்களை மோவாய் வரை இழுப்பார். நல்ல கையால் சட்டையை மேலே ஏற்றி முதுகைக் காட்டுவார். ஊசியோடு ஷோராய் வருகிறாள் என்று நினைப்பு. அப்படியே காத்திருப்பார். காலடி கட்டிலைத் தாண்டிப் போய்விடும். முதுகு திறந்தே இருக்கும்.

பக்கத்துக் கட்டிலுக்குச் சாப்பாடு வந்தாலும் அப்படித்தான். பெருக்குகிறவர் வந்தாலும் அப்படித்தான்.

"வந்துட்டாங்களா?" என்று கேட்பார்.

பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் சட்டையைக் கீழே இறக்கி விடுவேன். காய்ச்சலில் அந்த முதுகு சுடும். அவர் மறுபடியும் ஏற்றுவார்.

அப்படியே போனார். முதுகைக் காட்டியபடி. பெட்டியில் வைக்க அவரை நிமிர்த்த வேண்டியிருந்தது. நிமிர்த்தும்போது வந்த சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து வழக்கம்போல் சமையல் குடிசைக்குள் பெட்டியை வைத்தார்கள். பெட்டியின் தலைமாட்டில் நான். சுற்றிலும் பெண்கள். அவருடைய உடுப்புகளை, பழுப்புக் கோட்டு, தொப்பி, இரண்டு சட்டை, என் மேல்துணியில் வைத்து நானே முடிச்சுப் போட்டிருந்தேன். பினியஸ் வந்து கேட்கும்போது கொடுக்கலாம் என்று. அந்த மூட்டையில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

பினியஸுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தது. வந்துகொண்டிருக்கிறான் என்றார்கள்.

மறுநாள் மதியம். சூரியன் உச்சியில். வெளியே ஆண்கள் மாமரத்தடியில் மத்தளம் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று மத்தளம் நின்றது.

பிறகு ஒரு சிரிப்பு. இன்னொரு சிரிப்பு. முற்றமே சிரித்தது.

"பினியஸ் வந்துட்டான்," என்றாள் என் நாத்தனார். அழுத கண்ணோடு அவளும் எட்டிப் பார்த்தாள்.

வாசல் வழியாக எனக்கு முற்றத்தின் ஒரு துண்டு தெரிந்தது. அதற்குள் ஒருவன் நடந்து வந்தான். பழுப்புக் கோட்டு. புருவம் வரை இறங்கின தொப்பி. ஓடத்தில் நிற்கிறவன் மாதிரி கால்களை அகட்டி வைத்து நடந்தான். ஒரு கை பிடரியில்.

மோவாயில் வெள்ளையாக மாவு.

"மாவைக்கூட மறக்கலை பாரு, படுபாவி," என்று யாரோ சொல்ல, மறுபடியும் சிரிப்பு.

அவன் மாமரத்தில் போய் இடித்துக்கொண்டான். தலை குனிந்து மரத்திடம் ஏதோ சொன்னான். கிழவர் ஒருவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

எனக்கும் உதட்டோரம் அசைந்தது. பொய் சொல்ல மாட்டேன். சொன்னபடி செய்கிறானே பினியஸ் என்று நினைத்தேன்.

பிறகு அவன் தலையைத் தூக்கினான். நேராகச் சூரியனைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

கண் சிமிட்டவில்லை.

குடிசை வாசலுக்கு வந்தான். வாசலில் நின்று கைதட்டினான்.

ப்ச்...

ப்ச்...

பினியஸ் கரிபாவுக்குப் போன அன்று ஜைரோஸின் கை நன்றாக இருந்தது. அந்தச் சத்தத்தைப் பினியஸ் கேட்டதே இல்லை. தூணிடம் மன்னிப்புக் கேட்டதையும் அவன் பார்த்ததில்லை.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் கை வைத்துப் பார்த்தேன். மூட்டை. என் முடிச்சு. அவிழ்க்கவில்லை.

துணிக்கு மேலாகத் தடவினேன். கோட்டின் பித்தளைப் பொத்தான் விரலில் தட்டுப்பட்டது.

வெளியே வெயிலில் அதே பொத்தான் மின்னியது.

அவன் வாசலை விட்டுத் திரும்பினான். பெரியப்பா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால் போனான். மண்ணில் ஒருக்களித்துப் படுத்தான். முழங்கால்களை மோவாய் வரை இழுத்தான். கோட்டை மேலே ஏற்றினான்.

முதுகைக் காட்டினான்.

காத்திருந்தான்.

சிலர் இன்னும் சிரித்தார்கள். குடிகாரன் படுத்திருப்பதாக நினைத்திருப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியாது.

பெரியப்பாவின் முகம் கறுத்தது. பினியஸ் தன்னைக் குத்திக்காட்டுகிறான் என்று நினைத்துவிட்டார். "எந்திரிடா," என்றார். அது எழவில்லை. குனிந்து அந்த முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினார்.

வைத்த கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

நான் எழப் பார்த்தேன். நாத்தனார் என் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"எங்கே போறே? பொணத்தை விட்டு எந்திரிக்கக் கூடாது."

"அக்கா, விடுங்க. அவர் அங்கே..."

"இங்கேதான்டி இருக்கான்," என்று பெட்டியைத் தட்டிக் காட்டினாள். இன்னும் இரண்டு பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள்.

ஏழெட்டு அடி தூரம். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் செய்த மாதிரி கோட்டைக் கீழே இறக்கி விட்டிருப்பேன். யாரும் வர மாட்டார்கள் என்று சொல்லியிருப்பேன். அதைக்கூட...

வாசல் துண்டில் அந்த முதுகு. வெயிலில். திறந்தபடி.

"வந்துட்டாங்களா?"

அந்தக் குரலை வேறு யார் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டேன்.



கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்தான். கால்களை அகட்டி நடந்து தானியக் குதிருக்குப் பின்னால் போனான். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினார்கள். சிரிக்காமல் திரும்பி வந்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிந்தது.

இருட்டின பிறகு ஒரு லாரி வந்து நின்றது. மீன் வாடையோடு பினியஸ் இறங்கினான். வழியில் பாலம் உடைந்து முந்தின ராத்திரியிலிருந்து ஆற்றங்கரையில் கிடந்திருக்கிறார்கள். லாரிக்காரரும் அதையே சொன்னார். பினியஸ் அழுதான். என் பக்கம் திரும்பினான்.

"கோட்டைக் குடு, நெத்சாய். குழிமேட்டுலயாவது ஒரு நடை நடக்கிறேன். சொன்ன சொல்லு."

மதியம்தான் ஆடித் தீர்த்தாயே, இன்னும் என்ன என்று ஆண்கள் கேலி செய்தார்கள். அவன் விழித்தான். சொல்லச் சொல்ல அவர்கள் குரல் இறங்கிக்கொண்டே போனது. எல்லோர் எதிரிலும் நான் முடிச்சை அவிழ்த்தேன். கோட்டு மடித்தபடி இருந்தது. பினியஸ் அதைத் தொடவில்லை. அன்று மட்டும் இல்லை, அதற்குப் பிறகு எந்தச் சாவு வீட்டிலும் அவன் யாரைப் போலவும் நடந்து காட்டியதில்லை.

பெரியப்பாவும் ஒரே ஒரு தடவைதான் பேசினார். ஜைரோஸின் உடுப்புகளை வழக்கப்படி உறவினர்களுக்குப் பங்கு போட்ட நாளில், நான் கேட்காமலே.

"பொணம் ஜில்லுன்னு இருக்கணும் இல்ல?" என்றார். தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "சுட்டுச்சும்மா. ஆஸ்பத்திரியில சுட்ட மாதிரியே சுட்டுச்சு."

இன்றுவரை அவர் யாருக்கும் கைதட்டி வணக்கம் சொல்வதில்லை. தலையை மட்டும் அசைப்பார்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். துக்கத்தில் ஊரே ஒரு கனவு கண்டது என்று விட்டிருப்பேன்.

அடுத்த வருஷம் என் மாத்திரைக்காக மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஷோராய் என்னைப் பார்த்ததும் மருந்து அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். எங்கள் முற்றத்தில் நடந்தது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

ஜைரோஸ் கிடந்த கட்டிலில் அதே நோயோடு மூன்று பேர் வந்து படுத்தார்களாம். மூன்று பேரும் வேறு வேறு ஊர். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. தண்ணீர் எடுக்க ஊசியோடு போனால் மூவரும் ஒரே சொல்லைச் சொன்னார்களாம். எனக்கு அப்புறம் எடுங்கள், இவர் எனக்கு முன்னாலிருந்தே படுத்திருக்கிறார் என்று.

"நானும் இரட்டையாத் தெரியுதுன்னுதான் நினைச்சேன்," என்றாள் ஷோராய். "இந்த வியாதியில அது சகஜம். ஆனா மூணாவதா வந்தவருக்குக் கண்ணே தெரியாது."

"அவர் என்ன சொன்னாரு?"

"கட்டில்ல தன் பக்கத்துல தடவிப் பார்த்தாரு. சட்டுன்னு கையை இழுத்துக்கிட்டாரு. 'முதுகு சுடுது சிஸ்டர், பாவம். முதல்ல இவருக்கு எடுங்க'ன்னாரு."